கருணையா? கொலையா?

பள்ளி விட்டு மாணவர்கள் வீடு திரும்பும் மாலை வேளை. சரக்கு ஏற்றிய லாரியொன்று பாய்ந்து வந்தது. பாதையைக் கடக்க முயன்ற தெருநாயை மோதித் தள்ளிவிட்டு, நின்று திரும்பிப் பாராமலே சென்றது. நாய் சாகவில்லை! இடுப்பு நொறுங்கிவிட்டது. பின்னங்கால்கள் துவண்டு இழுபட, முன்னங்கால்களால் மண்ணைப் பிறாண்டிப் பிறாண்டி நகர முயன்றது, முடியவில்லை. ஓலமிட்டது.

கூட்டம் கூடிற்று. கூட்டத்துக்கா பஞ்சம் நம் நாட்டிலே! "எல்லாம் அது போன பிறவியில் செய்த வினை, அனுபவித்துத்தானே தீரவேண்டும்" என்றார், நெற்றி நிறைய நீறு பூசிய பெரியவர். "பெரிய கல்லாகப் பார்த்துத் தலையிலே போட்டு முடித்துவிடுங்கள்" என்றார், சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றி நின்ற ஒருவர். "ஐயையோ! வாயில்லாச் சீவனைக் கொல்லுவதா? அந்தப் பாவம் ஏழு தலைமுறைக்கும் விடாது" என்று பதறினார் பூ விற்கும் அம்மையார். கருத்து மழையெனப் பொழிந்தது. ஒரு கை தண்ணீர்தான் அதன் வாய்க்குக் கிடைக்கவில்லை. அதைக் கொண்டுவந்து வைத்தவன் எட்டாம் வகுப்புப் படிக்கும் சிறுவன்.

கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் தொலைவிலுள்ள சிற்றூரில் தடுப்பூசி முகாமில் இருந்தார். "காப்பாற்ற முடியாது போலிருக்கிறது, நான் வந்தால் துன்பமில்லாமல் முடித்துவிடலாம். ஆனால் இருட்டுவதற்குள் வர இயலாதே" என்று வருந்தினார். இருட்டுவதற்குள் நாயே அந்தச் சிக்கலைத் தீர்த்துவைத்தது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் துடித்துத் துடித்துச் செத்தது.

மறுநாள் இலக்கண வகுப்பு. தண்ணீர் கொடுத்த சிறுவன் எழுந்து நின்றான். "ஐயா! மருத்துவர் வந்திருந்தால் ஊசி போட்டு நாயைக் கொன்றிருப்பாராம். அதற்குக் 'கருணைக் கொலை' என்று பெயராம். அது கருணையா ஐயா, கொலையா? இரண்டும் ஒன்றாக எப்படி இருக்க முடியும்?" என்று கேட்டான்.

நாம் விடை கூறவில்லை. 'நாளைக்குச் சொல்கிறோம்' என்று கூறி உட்காரவைத்தோம். அந்த 'நாளை' பல நாட்களாக நீண்டுவிட்டது. இந்தக் கட்டுரை, அந்தச் சிறுவனுக்கு நாம் பட்ட கடன்.

அன்று நாம் நடத்திக்கொண்டிருந்த பாடம் தகுதி வழக்கு. ஒன்றை அதற்கு இயல்பாக அமைந்த சொல்லால் கூறாது, தகுதி நோக்கி வேறு சொல்லால் கூறுவது அது. மூன்று வகை என்பர். பலர் நடுவே சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். அமங்கலத்தை மங்கலமாகச் சொல்வது மங்கலம். செத்தார் என்னாது துஞ்சினார் என்பது போல. ஒரு கூட்டத்தார் மற்றவர் அறியாவண்ணம் தமக்குள் வழங்குவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது போல.

துஞ்சுதல் என்றால் உறங்குதல். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்றும், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்றும் மாண்ட மன்னரைக் குறித்தனர் நம் முன்னோர். கிரேக்கரும் அப்படியே எண்ணினர். அவர்தம் புராணத்திலே உறக்கமும் சாவும் இரவின் வயிற்றிலே பிறந்த உடன்பிறப்புகள். இன்று நகரத்துக் கால்நடை மருத்துவமனையிலே, நெடுநாள் நோயுற்ற நாய்க்கு இறுதி ஊசி போட்டபின், "தூங்க வைத்துவிட்டோம்" என்கிறார்களே, அந்தச் சொல்லின் வேர் இவ்வளவு ஆழத்திலே இருக்கிறது. சாவைத் தூக்கமென்று கூறுவது நேற்று முளைத்த பழக்கமன்று. இறந்தவரின் உற்றார் உள்ளம் புண்படாதிருக்க மனிதன் கண்ட மருந்து அது.

ஆனால், மருந்து வேறு, மயக்கம் வேறு! மங்கலமாகத் தொடங்கிய ஒரு சொல், குழூஉக்குறியாகச் சீரழிந்தால் என்ன விளையும்? அதைக் காட்டும் வரலாறு ஒன்றிருக்கிறது. அதுதான், நாம் 'கருணைக் கொலை' என்று தமிழாக்கிக்கொண்ட யூதனேசியா என்ற சொல்லின் வரலாறு.

கிரேக்கச் சொல் அது. 'யூ' என்றால் நல்ல. 'தானடோஸ்' என்றால் சாவு. நற்சாவு, அவ்வளவே பொருள். கருணையும் அதில் இல்லை. கொலையும் அதில் இல்லை! ரோமப் பேரரசன் அகஸ்டஸ், எவரேனும் விரைவாகவும் வேதனையின்றியும் மாண்டார் என்று கேள்விப்படும்போதெல்லாம், தனக்கும் தன்னைச் சார்ந்தோர்க்கும் அத்தகைய 'யூதனேசியா' வாய்க்கவேண்டும் என்று விரும்புவானாம். கி.பி. 14-ஆம் ஆண்டு நோலா என்னும் ஊரில், மனைவி லிவியாவின் அணைப்பிலே அவன் உயிர் அமைதியாகப் பிரிந்தது; விரும்பியது கிடைத்தது என்று எழுதினார் வரலாற்றாசிரியர் சுவடோனியஸ். கொன்றவர் எவரும் அங்கில்லை. ஊசி இல்லை, நஞ்சு இல்லை. சாகிறவனுடைய நன்மை ஒன்றுதான் அந்தச் சொல்லுக்குள் இருந்தது.

பல நூற்றாண்டுகள் உருண்டன. 1605-ஆம் ஆண்டு ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் பேக்கன், அகஸ்டசின் அந்த விருப்பத்தை நினைவூட்டி மருத்துவர்களுக்கு ஒரு கடமையைச் சுட்டினார். நோயைத் தீர்ப்பது மட்டும் மருத்துவரின் வேலையன்று. தீராதபோது வலியைத் தணித்து, போகிறவனுக்குப் பாதையை எளிதாக்குவதும் அவர் வேலையே என்றார். அப்போதும் கொல்வது பேச்சில் இல்லை, தணிப்பதுதான் பேச்சு.

1870-ஆம் ஆண்டில்தான் சொல் திசை திரும்பிற்று. மருத்துவரல்லாத சாமுவேல் வில்லியம்ஸ் என்பவர், மீளமுடியாத கொடுநோயிலே துடிப்பவர் தாமே விரும்பினால், குளோரோபாரம் போன்ற மயக்க மருந்தால் அவரது வாழ்வை முடித்துவிடலாம் என்று எழுதினார். நற்சாவு, நற்சாவைத் 'தருதல்' ஆயிற்று. சாகிறவன் பக்கம் இருந்த சொல், தருகிறவன் கைக்கு மாறிற்று. நண்பர்களே, இந்த இடமாற்றத்தை மறவாதீர்கள்! பின்னே வரும் நன்மைக்கும் தீமைக்கும் வாசல் இதுதான்.

அதே காலத்தில்தான் விலங்குகளின் சாவும் மேலைநாட்டினரின் மனத்தை உறுத்தத் தொடங்கிற்று. 1822-இல் கால்நடைகளை வதைப்பதைத் தடுக்கும் சட்டத்தை இங்கிலாந்து இயற்றியது. 1824-இல் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் லண்டனில் தோன்றியது. 'வதைக்காமல் கொல்' என்பதற்கு அவர்கள் ஆண்ட அடைமொழி 'ஹியூமேன்'. மனிதன் என்ற பொருளுடைய லத்தீன் சொல்லின் வழிவந்தது அது. பாருங்கள் வேடிக்கையை! இரக்கத்துக்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டான் மனிதன். இரையைப் பிடித்த புலி விரைவில் கொன்றுவிடுகிறது. எலும்பொடிந்த நாயைச் சுற்றி நின்று மூன்று மணி நேரம் வேடிக்கை பார்க்க மனிதனால்தான் முடிகிறது. ஆயினும் இரக்கத்தின் பெயர் மனிதத்தன்மை!

அன்று நியூயார்க் நகரிலே, பிடிபட்ட தெருநாய்களை இரும்புக் கூண்டிலே அடைத்து ஆற்று நீருக்குள் இறக்குவார்கள். கூண்டு மேலே வரும்போது உள்ளே உயிர் இராது. லண்டனில் பாட்டர்சி நாய்கள் இல்லத்துக்கு, 1884-ஆம் ஆண்டு பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் என்ற மருத்துவர் ஓர் அறையை அமைத்துக் கொடுத்தார். நச்சுக் காற்றும் மயக்க மருந்தும் கலந்து நிரப்பிய அந்த அறையில் நாய்கள் மயங்கி விழுந்து மாண்டன. கூண்டோடு மூழ்கடிப்பதைவிட இது மேல், ஐயமில்லை. துன்பம் குறைந்தது; அது உண்மை. ஆனால் எல்லா நாய்களும் நோயுற்றவை அல்ல. வளர்க்க ஆளில்லாதவை அவற்றுள் ஏராளம். அவற்றின் சாவு யாருடைய நன்மைக்காக? நாயின் நன்மைக்காகவா, நகரத்தின் நன்மைக்காகவா? 'சாவு நல்ல முறையில் நடந்தது' என்ற பேச்சிலே, 'சாவு தேவைதானா' என்ற கேள்வி மெல்ல மறைந்தது.

மறைந்த அந்தக் கேள்வி, மனித இனத்தின் கழுத்தையே பிடிக்கும் நாளும் வந்தது.

1939-ஆம் ஆண்டு அக்டோபரில் இட்லர் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டான். போர் தொடங்கிய செப்டம்பர் முதல் நாளிலேயே எழுதியதுபோல் நாளிட்டான். குணமாக முடியாதவர் என்று மருத்துவர் முடிவு செய்யும் நோயாளிகளுக்குக் 'கருணைச் சாவு' அளிக்கலாம் என்பது அதன் சாரம். ஆம், கருணைச் சாவு! செருமன் மொழியில் அவன் ஆண்ட சொல்லுக்கு நேர்ப்பொருள் அதுவே. பெர்லினில் டியர்கார்ட்டன் தெரு, நான்காம் எண் மாளிகையில் அதற்கோர் அலுவலகம் அமைந்தது. டியர்கார்ட்டன் என்றால் விலங்குத் தோட்டம் என்று பொருள். ஆறு ஊர்களில் கொலைக்கூடங்கள். மனநோயாளர், ஊனமுற்றோர், மூளை வளர்ச்சி குன்றியோர் பேருந்துகளில் கொண்டுவரப்பட்டனர். குளியலறை என்று காட்டப்பட்ட அறையில் கார்பன் மோனாக்சைடு பாய்ந்தது. உறவினருக்குச் சாம்பலும், பொய்யான காரணம் எழுதிய இறப்புச் சான்றும் போய்ச் சேர்ந்தன. 1941 ஆகஸ்டுக்குள் இப்படி மாண்டோர் அவர்களின் கணக்கேட்டின்படியே 70,273 பேர்.

அந்தக் கணக்கேட்டிலே 'கொல்லப்பட்டோர்' என்று எழுதவில்லை. 'கருணைச் சாவு பெற்றோர்' என்றுகூட எழுதவில்லை. 'கிருமி நீக்கப்பட்டோர்' என்று எழுதினார்கள்! மங்கலம் குழூஉக்குறியாக மாறிய கோரம் இதுதான். அகஸ்டஸ் தனக்கு வேண்டுமென விரும்பிய நற்சாவு, கேட்காதவர் தலையில், அழுகிறவர் தலையில், அறியாக் குழந்தைகள் தலையில் சுமத்தப்பட்டது. பள்ளிக் கணக்குப் புத்தகங்களில், மனநோயாளர் ஒருவருக்கு அரசு செலவிடும் தொகை இவ்வளவு, அந்தத் தொகையில் எத்தனை வீடு கட்டலாம் என்ற பாங்கில் கணக்குகள் போட்டு மாணவர்களைப் பழக்கினார்கள். ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு, நச்சறையைவிட இந்தக் கணக்கே நடுக்கம் தருகிறது. எதிர்த்துப் பேசியவரும் இருந்தனர். 1941 ஆகஸ்டு 3-ஆம் நாள் மூன்ஸ்டர் நகர ஆயர் கேலன், இது கொலை என்று திருச்சபை மேடையிலேயே முழங்கினார். அவர் செய்தது என்ன? பொருளுக்கு உரிய பெயரைத் திரும்பச் சூட்டினார்! மூன்று வாரத்தில் நச்சறைகளை நிறுத்தும்படி இட்லர் உத்தரவிட நேர்ந்தது. பிறகும் பட்டினியாலும் மருந்தாலும் மறைவிலே கொலை தொடர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

செருமானியரைச் சுட்டி நாம் மார்தட்டிக்கொள்ள இடமுண்டா? இல்லை. நம் தென்மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றிலே 'தலைக்கூத்தல்' என்றொரு வழக்கம் இருந்துவந்ததை ஏடுகள் வெளிப்படுத்தின. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் தலைமுழுக்காட்டி, இளநீரும் கொடுத்து, சுரம் கண்டு சாகவைப்பது அது. எண்ணெய் முழுக்கு, இளநீர். பெயரளவில் எவ்வளவு குளுமை! 2018-ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது பெற்ற படமொன்று இவ்வழக்கத்தைப் பற்றியது. அதன் பெயர் 'பாரம்'. யாருக்குப் பாரம்? சாகிறவருக்கா, சாகடிக்கிறவருக்கா? வறுமை வாட்டும் குடும்பத்தை நாம் எளிதில் பழிக்கமாட்டோம். முதியோருக்கு மருத்துவமும் சோறும் உறுதி செய்யாத சமுதாயத்தின் பழி அதைவிடப் பெரிது. ஆனால், பாரத்தை இறக்கிவைப்பதற்குக் கருணை என்று பெயரிட ஒப்பமாட்டோம்.

அப்படியானால், கொல்லவே கூடாது என்று கூறிவிடலாமா? பூக்கார அம்மையாரின் பக்கம் போய்விடலாமா? அங்கேதான் இன்னொரு பொய் காத்திருக்கிறது!

கொல்லாதிருப்பதும் கருணை என்ற பெயரில் உலவும் கொடுமை ஆகக்கூடும். வினைப்பயன் என்ற தத்துவத்தைப் பாருங்கள். முற்பிறவியில் செய்த பாவத்தை இப்பிறவியில் நாய் அனுபவிக்கிறது. நடுவே நாம் புகுந்து முடித்துவைத்தால், கணக்கு தீராது, மறுபிறவியிலும் தொடரும் என்கிறார்கள். எலும்பொடிந்த நாயின் ஓலத்துக்குக் கணக்குப்பிள்ளையின் விடை! பிறந்த குலத்தால் ஒருவனைத் தாழ்த்திவிட்டு, 'அது அவன் வினை' என்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொல்லுகிறது. துன்பத்தைத் துடைக்காமல் இருப்பதற்குத் தத்துவம் தேடியவர், தம் கையைத் தூய்மையாக வைத்துக்கொண்டார். நாயின் வலியை நாயிடமே விட்டுவிட்டார்.

பசுவைத் தாயென்று போற்றுவோர் வீட்டிலே, பால் வற்றியதும் கட்டவிழ்த்துத் தெருவிலே விட்டுவிடும் காட்சியை நாம் காணவில்லையா? சுவரொட்டியைத் தின்று, பிளாஸ்டிக்கை விழுங்கி, வயிறு உப்பி வீதியோரம் விழுந்து கிடக்கிறது, நேற்றைய தாய்! அதைக் கொன்றால் பாவம், விழவிட்டால் பாவமில்லை. கொலைப்பழி தன்மேல் விழக்கூடாது என்ற கவலைதான் அங்கே பெரிது. விலங்கின் வேதனை அன்று.

இந்தப் பொய்யை நேருக்கு நேர் நின்று எதிர்த்த ஒருவரை இங்கே நினைவுகூரவேண்டும். அவர் கொல்லாமையையே வாழ்வாகக் கொண்ட காந்தியார்! 1928-ஆம் ஆண்டு, சபர்மதி ஆசிரமத்தில் கன்றொன்று நோயிலே துடித்தது. புரட்டிப் படுக்கவைப்பதும் அதற்கு வேதனை. இனிப் பிழைக்காது என்றார் மருத்துவர். ஆசிரமத்தாரைக் கூட்டிக் கருத்துக் கேட்டார் காந்தியார், எதிர்ப்பும் இருந்தது, அதையும் கேட்டார். பிறகு, தம் முன்னிலையிலேயே நஞ்சூசி போடச் செய்தார். இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. அதை மூடி மறைக்காமல் தம் ஏட்டிலே எழுதவும் செய்தார். நாடெங்குமிருந்து கண்டனக் கடிதங்கள் குவிந்தன, ஏசியவர் பலர். அவரோ, உடலை அறுக்கும் அறுவை மருத்துவர் இம்சை செய்பவராகாதது போல, இதுவும் இம்சை ஆகாது என்று வாதாடினார். தம் பிள்ளைக்கே அந்நிலை வந்து, வேறு எவ்வழியும் இல்லையென்றால் அதையே செய்வேன் என்றார்.

காந்தியாரின் கருத்துகள் பலவற்றோடு மாறுபடுவோர் நாம். ஆயினும், அந்தக் கட்டுரையின் மறுபாதியை இன்று கருணை பேசுவோர் அனைவரும் படிக்கவேண்டும் என்போம். ஆசிரமத்தின் பழங்களையும் பயிரையும் குரங்குகள் பாழாக்கின. அவற்றைக் கொல்வது பற்றியும் அதே கட்டுரையில் எழுதினார். கன்றைக் கொன்றது கன்றின் பொருட்டு. குரங்கைக் கொன்றால் அது நம் பயிரின் பொருட்டு. ஆகவே அது இம்சையே, அதற்கு அகிம்சைப் பெயர் சூட்டமுடியாது என்று பிரித்துக் காட்டினார். கை ஒன்று, நஞ்சு ஒன்று, விளைவும் ஒன்று. பெயர் மட்டும் வேறு! பெயரை வேறாக்குவது, யாருக்காக என்ற கேள்வி.

நம் சட்டமும் ஓரளவு இதை உணர்ந்திருக்கிறது. 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணிதேவி அருண்டேல் கொண்டுவந்த தனி மசோதாவின் பயனாக, 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் 1962-இல் அமைந்த விலங்கு நலவாரியத்துக்கு அவரே முதல் தலைவர். பல்லாண்டுக் காலம் அதன் தலைமையகம் சென்னையிலேயே இருந்தது. உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்று சொல்லுமளவு காயமுற்ற விலங்கைக் கால்நடை மருத்துவரின் சான்றும் நீதிபதியின் ஆணையும் பெற்றுக் காவல்துறையினர் சாகவைக்கலாம் என்று அச்சட்டத்தின் 13-ஆம் பிரிவு கூறுகிறது. நாயின் நெஞ்சிலே ஸ்டிரிக்னின் ஊசி ஏற்றிக் கொல்வதை அதே சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. ஏனென்றால், ஸ்டிரிக்னின் நினைவை மறைப்பதில்லை. நினைவு இருக்கும்போதே தசைகளை முறுக்கி இழுத்து, மூச்சை அடைத்துக் கொல்லும். பெண்டோபார்பிடல் போன்ற மருந்தோ முதலில் நினைவை மறைக்கிறது. பிறகு மூச்சு நிற்கிறது. அதன்பின் இதயம் நிற்கிறது. சாவு என்ற முடிவிலே இரண்டும் ஒன்று. ஆனால் சாகிற உயிருக்கு இரண்டும் ஒன்றல்ல! 2001-இல் வகுத்த நாய்களுக்கான விதிகளில் ஒரு வரி இருந்தது: ஒரு நாயின் கண்ணெதிரே இன்னொரு நாயைச் சாகவைக்கக்கூடாது என்பது. சட்டத்தின் வறண்ட மொழிக்கு இடையிலே அருள் சற்றே எட்டிப் பார்க்கும் வரி அது.

அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 1963-ஆம் ஆண்டிலிருந்து நற்சாவு பற்றிய நெறிமுறைகளை வெளியிட்டுவருகிறது. இன்று அச்சங்கம் மூன்று தனித்தனி ஏடுகள் வைத்திருக்கிறது. துன்புறும் விலங்கின் நற்சாவுக்கு ஒன்று. உணவுக்காக அறுப்பதற்கு ஒன்று. கொள்ளைநோய் பரவும்போது பண்ணைகளைக் கூட்டங்கூட்டமாக அழிப்பதற்கு ஒன்று. மூன்றிலும் வலியைக் குறைக்கவே வழி கூறுகிறார்கள். ஆனால் மூன்றையும் ஒரே பெயரால் அழைக்கவில்லை. இதை நாம் பாராட்டுகிறோம். ஊன் உண்போரை ஏசுவது நம் நோக்கமன்று. உணவுக்கு அறுக்கிறோம் என்றால், அறுக்கிறோம் என்றே சொல்லுவோம். அதையும் வதையின்றிச் செய்வோம். பறவைக் காய்ச்சல் வந்த பண்ணையில் கோழிகளை அழிக்கிறோம் என்றால், அழிக்கிறோம் என்றே எழுதுவோம்; நம் நோய்ப் பாதுகாப்புக்காக என்று ஒப்புக்கொள்ளுவோம். ஆனால், வீடு மாறுகிறோம், நாய் கிழடாகிவிட்டது, ஊசி போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, அதை நற்சாவு என்று நாற்பது பேரிடம் சொல்லி அழாதிருப்போம்!

ஆக, கருணைக் கொலை என்ற பெயருக்கு ஒரு சாவு உரியதா என்று அறிய மூன்று கேள்விகள் போதும் என்பது நம் கருத்து.

முதற் கேள்வி: தீர்வது யாருடைய துன்பம்? விலங்கின் துன்பமா, அதைப் பார்க்கும் நம் துன்பமா, அதை வளர்க்கும் செலவுத் துன்பமா?

இரண்டாங் கேள்வி: வேறு வழியே இல்லை என்று அறிந்தவர் சொன்னாரா? அன்று கல்லைப் போடச் சொன்னவர் மருத்துவரல்லர். இரக்கம் அவரிடம் இருந்திருக்கலாம். அறிவு இல்லாத இரக்கம், பிழைக்கவேண்டிய உயிரையும் பிணமாக்கும்.

மூன்றாங் கேள்வி: சாவு வலியின்றி வந்ததா? நோக்கம் நல்லது என்பதற்காகக் கல்லும் கயிறும் கருணை ஆகிவிடா.

மனிதர்க்கென்றால் நான்காவதாக ஒன்றும் உண்டு: அவரே விரும்பினாரா? மீளமுடியாத நிலையில் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்திக்கொள்ள, முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் ஏற்றது. நாய் எழுதிவைக்காது, கன்று கையெழுத்திடாது. கேட்கமுடியாதவரிடத்தில் நம் வசதியே அவர் விருப்பம்போல் ஒலிக்கும். ஆதலால், விலங்கின் பொருட்டு முடிவெடுப்பவர் முதல் மூன்று கேள்விகளையும் இன்னும் கடுமையாகத் தம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும்.

அன்பு தொடர்புடையாரிடத்துச் செல்வது; அருள் தொடர்பு நோக்காது எல்லா உயிர்மீதும் செல்வது என்று பிரித்துக் காட்டுவர் குறளுக்கு உரை கண்டோர். வளர்ப்பு நாய்க்கு அன்பு உண்டு, மருத்துவமனையும் உண்டு. தெருநாய்க்கு எவருமில்லை, அதற்கு வேண்டியது அருள். அருளோ வெறும் உச்சுக்கொட்டலாக நின்றுவிட்டால் பயனில்லை. வட்டந்தோறும் இரவிலும் அழைத்தால் வரும் கால்நடை மருத்துவ ஊர்தி, மருத்துவர் கையில் மருந்து, அடிபட்ட விலங்கு துடிக்கும்போது ஆணைக்காக நாழிகைகள் கழியாத நடைமுறை, இவையாக அது உருவெடுக்கவேண்டும். அன்று சாலையில் இருந்தோர் அனைவரும் நல்லவர்களே. நல்லவர்கள் கூடி நின்றும் ஒரு நாய் மூன்று மணி நேரம் துடித்தது. அருளுக்குக் கையும் காலும் இல்லாததால்!

இனி, அந்தச் சிறுவனுக்கு.

தம்பி! கருணையா, கொலையா என்று கேட்டாய். இரண்டும்தான். கொலை என்ற சொல்லை மறைக்காத நம் தமிழ்ப்பெயர் நமக்குப் பிடித்திருக்கிறது. 'தூங்க வைத்தோம்' என்பதிலே கொலை மறைந்துவிடும். மறைந்தபின் எவரும் கேள்வி கேட்கமாட்டார். 'கொலை' என்று சொல்லும்போது வாய் கூசுகிறதே, அந்தக் கூச்சம் இருக்கட்டும். ஊசியை எடுக்கும் கை ஒருமுறை நின்று, 'இது யாருக்காக?' என்று கேட்டுவிட்டுத் தொடரட்டும். அந்த உயிருக்காக என்று நெஞ்சறியச் சொல்லமுடிந்தால், அது கொலையாக இருந்தும் கருணை. சொல்லமுடியாவிட்டால், எத்தனை மங்கலச் சொல் சூட்டினாலும் அது கொலை மட்டுமே.

அன்று மருத்துவர் வந்திருந்தால் நாம் அவருக்கு விளக்குப் பிடித்திருப்போம், தம்பி. நீ வைத்த தண்ணீரும் அந்த ஊசியும் ஒரே நோக்கத்தன. ஒன்று வந்து சேர்ந்தது; மற்றொன்று வந்து சேரவில்லை. அடுத்தமுறை அதுவும் வந்து சேர வழிசெய்வது, தண்ணீர் தூக்கி வந்த உன் பொறுப்பு மட்டுமன்று. வேடிக்கை பார்த்த எங்கள் பொறுப்பு.